மரியதாசைத் தேடிக் கிரோவோஹ்ராத்துக்கு

ஒஸ்லோவின் புருசெத் நிலையத்தில் இறங்க மறந்தது என் வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து சுரங்க ரயிலில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். எதிர் இருக்கையில் சுந்தர். சென்னைக்காரர், ஒரு கப்பல் நிறுவனத்தில் பொறியியலாளர், எனக்கு அடுத்த கட்டடத்தில் குடியிருந்தார். எங்கள் இலங்கைத் தமிழைக் கேட்டு அவர் சிரிப்பார். அவர் தமிழில் பாதி ஆங்கிலம் என்று நாங்கள் சிரிப்போம். அந்த அளவுப் பழக்கம்தான்.

“சார், போன மாசம் உக்ரைன் போயிருந்தேன். கோதுமை ஏத்துற வேலை. அங்க ஒரு ஊர்ல உங்க ஆள் ஒருத்தரைப் பாத்தேன்” என்றார்.

“எங்கடை ஆள் எண்டால்?”

“இலங்கைத் தமிழ் சார். கிரோவோஹ்ராத்னு ஒரு ஊர். தானியக் கிடங்கு வாசல்ல நிக்கிறேன், பின்னாலேர்ந்து ‘நீங்கள் இந்தியாவோ’ன்னு ஒரு குரல். ஆடிப்போயிட்டேன். மன்னார்னு சொன்னார். பேரைக் கேட்டதும் வேலை இருக்குன்னு உள்ள போயிட்டார். பாவம், இடது கையில சுண்டுவிரல் பாதி இல்ல.”

ரயில் நின்றது. “சார், நம்ம ஸ்டேஷன்” என்று சுந்தர் எழுந்தார். அது எனக்குக் காதில் ஏறவில்லை. கதவு மூடி, ரயில் கடைசி நிலையம்வரை என்னைக் கொண்டுபோய் விட்டது.

அந்த விரல் போனபோது நானும் அதே வள்ளத்தில் இருந்தேன். வலைக் கயிறு சுற்றி இழுத்துக்கொண்டு போயிற்று. மரியதாஸ் என் கூட்டாளி. பிறகு என் தங்கச்சி ஜெசிந்தாவைக் கட்டினான். நான் நோர்வேக்கு வந்து சேர்ந்த பிறகு, நீயும் வா, வந்து அவளைக் கூப்பிடலாம் என்று கடிதம் எழுதியவனும் நானே. காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் களவாக எல்லை கடத்திவிடும் ஏஜென்சிக்காரனை ஒழுங்குபண்ணிக் கொடுத்தவனும் நானே. மொஸ்கோவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு பதினொரு வருடம் ஒன்றும் இல்லை.

சமாதான காலம் முறிந்து, ஊரில் மறுபடியும் சண்டை தொடங்கியிருந்த நேரம் அது. ஜெசிந்தாவின் தெருவில் பாதிப்பேர் படகேறி ராமேஸ்வரம் போய்விட்டார்கள். நான் கிழமைக்கு இரண்டு தரம் தொலைபேசியில் அவளைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது.

“அவர் வந்தால் இந்த வீட்டுக்குத்தானே அண்ணா வருவார். பூட்டிக் கிடந்தால் எங்கை போவார்?”

சுந்தர் சொன்னதை அவளுக்குச் சொல்லவில்லை. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் கோடை விடுமுறையை முன்தள்ளிக் கேட்டேன். ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் ஒரு சொக்கிலேட் பெட்டி வாங்கினேன். யாருக்கென்று வாங்கும்போது எனக்கே தெரியாது. வெறுங்கையோடு ஒருவனைப் பார்க்கப் போகப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

*

கியேவிலிருந்து புறப்பட்ட பேருந்து நடுவெளியில் நின்றுவிட்டது. முன்பக்கத்தால் ஆவி பறந்தது. சாரதி ஏதோ திட்டிக்கொண்டு வாளியோடு இறங்கிப் போனான். நாங்கள் வீதியோரம் நின்றோம்.

அப்படி ஒரு வெளியை நான் பார்த்ததில்லை. ஒஸ்லோவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணை ஒரு மலை மறிக்கும். மன்னாரும் தட்டைதான், ஆனால் அங்கே நிலம் கொஞ்ச தூரத்தில் கடலோடு முடிந்துவிடும். இங்கே முடியவேயில்லை. வீதிக்கு ஒரு பக்கம் சூரியகாந்தி, மறுபக்கம் அறுவடைக்கு நிற்கும் கோதுமை. உழுதுவிட்ட துண்டுகளில் மண் கரிபோலக் கறுப்பாக இருந்தது. மரம் என்றால் வீதியோரத்தில் வரிசையாக நட்டவை மட்டும். அதற்கு நடுவே இருபது பேர் ஒரு பேருந்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு அந்த இடத்திலேயே திரும்பிப் போய்விட வேண்டும்போல இருந்தது.

ஒரு பெண் தன் பையிலிருந்து வெள்ளரிக்காய் எடுத்து, கத்தியால் நெடுக்காகப் பிளந்து, உப்புத் தேய்த்து எனக்கு நீட்டினார். நரைத்த கட்டை முடி. பெயர் லுத்மிலா. பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தவராம். என் ஆங்கிலமும் அவருடைய ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று சரியான சோடி.

“எங்கள் ஊருக்கு யாரும் சும்மா வருவதில்லை. விதைப்பு இயந்திரம் வாங்க வருவார்கள், அல்லது கோதுமை வாங்க வருவார்கள். நீங்கள் எதற்கு?” என்று கேட்டார்.

ஆளைத் தேடி வருகிறேன் என்றேன். அவர் ஒரு கொப்பித் தாளைக் கிழித்து, நான் சொல்லச் சொல்லத் தங்கள் மொழியில் எழுதித் தந்தார். நான் நோர்வேயிலிருந்து வருகிறேன், விரல் இல்லாத கறுத்த மனிதனைத் தேடுகிறேன், அவன் என் உறவுக்காரன்.

“என்ன உறவு?” என்று பேனையை நிறுத்திக் கேட்டார்.

தங்கச்சியின் கணவன் என்று சொல்ல வாய் வந்தது. இந்தத் தாளை யார் யாரெல்லாம் வாசிக்கப் போகிறார்களோ என்று அடுத்த கணமே ஒரு யோசனை. “சகோதரன் என்று எழுதுங்கள்” என்றேன்.

மூன்று மணி நேரம் பிந்தி ஊர் வந்து சேர்ந்தோம். லுத்மிலா என்னை விடுதி வாசலில் விட்டுவிட்டு, கைகுலுக்கி, தன் பையோடு போனார். நான் அவரைப் பிறகு காணவில்லை.

*

விடுதியில் வெந்நீர் இல்லை. கோடையில் ஊர் முழுக்கவே நிறுத்திவிடுவார்களாம். மாடிக்குப் பொறுப்பான அம்மா தண்ணீர்க் குழாயைக் காட்டி, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அதில் எல்லாம் விளங்கியது.

காலையில் மின்கம்பியில் ஓடும் பேருந்தில் ஏறினேன். ஒரு திருப்பத்தில் மேலிருந்த தண்டு கம்பியை விட்டுக் கழன்றது. சாரதி தடித்த பெண். கையுறை மாட்டிக்கொண்டு இறங்கி, பின்பக்கத்துக் கயிற்றை இழுத்து, தண்டைக் கம்பியில் கொளுவிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வந்து இருந்தார். ஒஸ்லோவில் ரயில் ஐந்து நிமிடம் நின்றாலே ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே யாரும் தலையை நிமிர்த்தவில்லை.

தானியக் கிடங்கு ஊரின் ஓரத்தில் தண்டவாளத்தருகே இருந்தது. ஜன்னல் இல்லாத உயரமான சீமெந்துக் கோபுரங்கள். அவற்றின் முன்னே கோதுமை ஏற்றிய லொறிகள் அரை மைலுக்கு வரிசை கட்டி நின்றன. காற்றில் உமித்தூசி. வாசல் காவலாளி லுத்மிலாவின் தாளை இரண்டு முறை வாசித்தான். “மீஷா!” என்றான். அங்கே அவனுக்கு அதுதான் பெயர் போலும். தன் சுண்டுவிரலை மடக்கிக் காட்டினான். நான் தலையாட்டினேன். அவன் மணிக்கூட்டைக் காட்டி, விரலால் ஒரு வட்டம் சுற்றி, ஒன்று என்று காட்டினான். நாளைக்கு.

ஆள் இருக்கிறான். அதுவரைக்கும் நான் உண்மையில் நம்பியிருக்கவில்லை என்பது அந்த வாசலில் நிற்கும்போதுதான் தெரிந்தது.

மிச்ச நாள் முழுவதும் ஊரைச் சுற்றினேன். விதைப்பு இயந்திரத் தொழிற்சாலையின் நீண்ட செங்கல் சுவர். சந்தையில் பூசணிக்கொட்டை, சூரியகாந்தி விதை, அவித்த சோளன். உணவுச்சாலையில் தட்டோடு வரிசையில் நின்றேன். பீட்ரூட் சூப், அவித்த கோதுமைபோல ஒரு மண்ணிறத் தானியம், அதன்மேல் ஒரு இறைச்சி வடை. பசிக்கு நன்றாகவே இருந்தது. மேசையில் எனக்கு எதிரே இருந்த இருவரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஒரு குழந்தை வந்து என் புறங்கையைத் தொட்டு, தன் விரலில் நிறம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தது. தாய் இழுத்துக்கொண்டு போனாள்.

ஒஸ்லோவில் இருபது வருடமாகத் தனியாக இருக்கிறேன். அங்கே ஒரு கிழமை முழுக்க யாரும் என்னைப் பார்க்காமல் நடந்து திரியலாம். இங்கே எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் கதைக்கவில்லை. இந்தத் தனிமை எனக்குப் பழக்கமில்லாத தனிமை. பதினொரு வருடம் இதற்குள் ஒருவன் எப்படி இருந்திருப்பான் என்று யோசித்தேன். கோபத்தோடு வந்தவன் அப்படி யோசித்திருக்கக் கூடாது.

*

மூன்றாம் நாள் வாசலில் நின்றேன். வேலை முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். எல்லோரும் தலைமுதல் கால்வரை தூசியால் ஒரே நிறம். அதனால் அவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவனுக்குத்தான் தெரிந்தது. பத்தடி தூரத்தில் நின்றுவிட்டான்.

“அன்ரன்?” என்றான்.

“ஓம்.”

அவன் கிட்டே வரவில்லை. “ஜெசிந்தா?” என்று கேட்டான். கேட்டுவிட்டு என் வாயையே பார்த்தான்.

“இருக்கிறாள்” என்றேன்.

அதற்குப் பிறகுதான் கிட்டே வந்தான். கட்டிப்பிடிக்கப் போய், தன் சட்டைத் தூசியைப் பார்த்துக் கையைக் கீழே விட்டான். நானும் கையை நீட்டவில்லை. ஏசுவதற்கென்று ஒஸ்லோவில் சமைக்கும்போதும் குளிக்கும்போதும் சேர்த்துவைத்திருந்த வசனங்களில் ஒன்றுகூட வரவில்லை.

“வீட்டை வா மச்சான்” என்றான். அடுத்த மூச்சில், “வீட்டிலை ஆக்கள் இருக்கினம். சொல்லிப்போட்டுத்தான் கூட்டிக்கொண்டு போகவேணும்” என்றான்.

“எத்தனை பேர்?”

“ரெண்டு பேர்.”

சிறிய பேருந்தில் அவனுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவன் தமிழ் துருப்பிடித்த பூட்டுப்போல, திறக்க நேரம் எடுத்தது. நடு வசனத்தில் ஒரு சொல்லைத் தேடுவான், கிடைக்காது, கையால் காட்டுவான். ஏஜென்சிக்காரன் ஏழு பேரை மொஸ்கோவிலிருந்து இந்தப் பக்கம் கொண்டுவந்து, ஒரு தோட்டத்து வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனான். பனிக்காலம். பிறகு திரும்பி வரவேயில்லை. கடவுச்சீட்டெல்லாம் அவனிடம். கதவை உடைத்து ஆளுக்கொரு பக்கம் போனார்கள். இவனுக்கு நெஞ்சுச் சளி முற்றி, வீதியில் விழுந்து, இந்த ஊர் ஆஸ்பத்திரியில்தான் கண் விழித்தான். நாத்யா அங்கே தாதி.

“ரெண்டு கடிதம் போட்டனான்” என்றான்.

“வரேல்லை.”

“தெரியும். பதில் வரேல்லை எண்டவுடனை தெரியும். மூண்டாவது போட்டிருக்கலாம்.” ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். “போடேல்லை.”

“ஏன்?”

“அதுக்குள்ளை எழுத வேறை விஷயம் வந்திட்டுது.”

*

வீடு ஊர் எல்லையில், பின்னால் காய்கறித் தோட்டத்தோடு. ஆறு வயதுப் பெண்பிள்ளை வாசல் படலையில் ஏறி நின்றது. அவனுடைய நெற்றி, அவனுடைய கண், பொன்னிறத் தலைமுடி. நான் சொக்கிலேட் பெட்டியை அதன் கையில் கொடுத்துவிட்டேன். வேறு யாரிடம் கொடுப்பது?

நாத்யா கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என் வயது இருக்கும். களைத்த முகம், ஆனால் பார்வை நேரானது. அவன் ஏதோ சொன்னான். அவள் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் மேசையில் தட்டுகளை வைத்தாள்.

மரியதாஸ் குளித்துவிட்டு வந்து ஆற்று மீன் குழம்பு வைத்தான். புளிக்குப் பதில் தக்காளி, தேங்காய்ப்பாலுக்குப் பதில் பாலாடை. மிளகாய் அவனே தோட்டத்தில் வளர்த்தது. நல்ல குழம்பென்று சொல்ல முடியாது. ஆனால் அதை வைத்தவன் எங்கள் ஊர்க்காரன் என்பது முதல் வாயிலேயே தெரிந்தது.

சாப்பாட்டுக்கு நடுவில் நாத்யா கரண்டியை வைத்துவிட்டு ஒரு வசனம் சொன்னாள். அவன் மொழிபெயர்க்கவில்லை. அவள் திரும்பவும் அதையே, மெதுவாக, என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“என்ன கேக்கிறாள்?” என்றேன்.

“நீ என்னைக் கூட்டிக்கொண்டு போகவோ வந்தனீ எண்டு கேக்கிறாள்.” தட்டைப் பார்த்தபடி சொன்னான்.

“அவளுக்குத் தெரியுமோ?”

“எல்லாம் தெரியும். முதல் நாளே சொன்னனான். மூண்டு வருஷத்துக்கு முந்திக் கந்தோரிலை பதிஞ்சு கலியாணம் எழுதினது. அதில்லாமல் எனக்கு இருக்க அனுமதி கிடைக்காது. அண்டைக்கு இரவு முழுக்க அவள்தான் அழுதவள், நான் இல்லை.”

பிள்ளை சொக்கிலேட் தாளை விரித்து நீவிக்கொண்டிருந்தது. நாத்யா பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்வதை அவளுக்குச் சொல்லப்போகிறவன் அவன். அவன் எதை மாற்றிச் சொன்னாலும் எனக்குத் தெரியாது.

“கூட்டிக்கொண்டு போக வரேல்லை எண்டு சொல்லு” என்றேன். “ஆனால் அங்கை சண்டை தொடங்கிட்டுது. என்ரை தங்கச்சி இவனுக்காகத்தான் வீட்டை விட்டு வெளிக்கிடாமல் இருக்கிறாள். இவன் வரமாட்டான் எண்டு அவளுக்குத் தெரியவேணும். அதை இவன்தான் சொல்லவேணும். அப்பிடியே சொல்லு.”

அவன் சொன்னான். நீண்ட நேரம் எடுத்தது. நாத்யா கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிவில் எழுந்து, சுவர் ஆணியில் தொங்கிய அவனுடைய நல்ல சட்டையை எடுத்துக் கதிரையின் முதுகில் போட்டாள். நாளைக்குப் போட்டுக்கொண்டு போக.

*

நாலாம் நாள் காலை தபால் கந்தோருக்குப் போனோம். ஒரு பெரிய மண்டபம், சுவரோரமாக இலக்கமிட்ட மரக்கூடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு தொலைபேசி. இலக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வாங்குப் பலகையில் இருந்தோம். பக்கத்தில் ஒரு கிழவர் கைத்தடியில் நாடியை ஊன்றிக் காத்திருந்தார். மரியதாஸ் நல்ல சட்டையின் மேல் பித்தானைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தான்.

“நான் என்னெண்டு தொடங்க?” என்று கேட்டான்.

“பேரைச் சொல்லு.”

மேசைப்பெண் ஏதோ இலக்கம் கூவினாள். அவன் எழுந்துபோய்க் கூட்டுக்குள் நுழைந்தான். நான் வாசலில் நின்றேன். தொலைபேசியிலிருந்து ஜெசிந்தாவின் குரல் எனக்கே கேட்டது. “ஹலோ? ஹலோ, ஆர்? அண்ணாவோ?”

அவன் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அவள் நாலாவது ஹலோ சொன்னபோது தொலைபேசியை என் கையில் திணித்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

நான் சொன்னேன். இருக்கிறான் என்று சொன்னேன். இந்த ஊரின் பெயரைச் சொன்னேன். ஒரு பெண்ணும் பிள்ளையும் இருப்பதையும், கலியாணம் எழுதியதையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. மறைத்தால் அவள் அந்த வீட்டிலேயே இருந்துவிடுவாள். மறுபக்கத்தில் காகம் கரையும் சத்தம் கேட்டது.

“ஜெசி?”

“கேக்குது அண்ணா.” அவள் குரல் உடையவில்லை. “பக்கத்திலை நிக்கிறாரோ?”

“ஓம்.”

“அவரைக் கதைக்கச் சொல்லாதேங்கோ. காதிலை மட்டும் வைக்கச் சொல்லுங்கோ.”

தொலைபேசியை அவனுடைய காதில் வைத்தேன். கூட்டுக்கு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். கண்ணாடிக்குள்ளே அவன் நின்றான். இரண்டு நிமிடம் இருக்கும், மூன்றும் இருக்கலாம். அவனுடைய உதடு நாலைந்து தடவை அசைந்தது. ஓம் என்று சொல்வது மட்டும் தெரிந்தது. பிறகு தொலைபேசியைக் கொளுவியில் வைத்துவிட்டு, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அவளிடமும் இன்றுவரை கேட்டதில்லை.

பேருந்து நிலையத்துக்கு அவன் வந்தான். நாத்யா கொடுத்துவிட்ட ஒரு போத்தல் செர்ரிப்பழத்தை என் மடியில் வைத்தான். இந்த முறை அவனே என்னைக் கட்டிப்பிடித்தான். நானும் பிடித்தேன். பேருந்து திரும்பும்வரை அது கிளப்பிய தூசிக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தான். ஊர் முடிந்ததும் மறுபடியும் கோதுமைதான். இந்தத் தரம் பேருந்து எங்கும் நிற்கவில்லை.

*

ஒஸ்லோவில் என் அறைக்கதவைத் திறந்து, பையை வைக்கும் முன்பே ஊருக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாளும் அடித்தது. மூன்றாம் நாள் அந்த மணியும் இல்லை. படகொன்று போகிறதென்று அவள் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனதாக மட்டும் ஊரிலிருந்து ஒருவர் மூலம் அறிந்தேன். கடல் நல்லதில்லாத காலம் அது. படகுக்காரர்கள் நடுக்கடலில் மணல்திட்டில் ஆட்களை இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். உண்மையைச் சொல்லி அவளைக் கடலில் தள்ளியவன் நான் என்ற எண்ணத்தோடு வேலைக்குப் போனேன், வந்தேன். செர்ரிப் போத்தலைத் திறக்கவில்லை.

ஒன்பதாம் நாள் மதியம், முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்குப் பானையை இறக்கிக்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசி அடித்தது. இந்திய இலக்கம்.

“அண்ணா, நான் ராமேஸ்வரத்துக்குக் கிட்ட, மண்டபத்திலை நிக்கிறன். அகதி முகாமிலை.”

பானையை அப்படியே தரையில் வைத்துவிட்டு, பின்கதவால் வெளியே போய்ப் படியில் இருந்தேன். ஒரு நாள் மணல்திட்டில் கிடந்தார்களாம். பிறகு ஒரு மீன்பிடிப் படகு ஏற்றிவந்ததாம். கால் மட்டும் வெடித்திருக்கிறதாம். சாப்பாடு பரவாயில்லையாம். எல்லாவற்றையும் வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னாள்.

“பதியிற இடத்திலை கணவரின்ரை பேர் கேட்டவை. சொன்னனான். இருக்கிறாரோ எண்டு கேட்டவை. இருக்கிறார், வேறை ஊரிலை இருக்கிறார் எண்டனான்.”

நான் கைத்தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“எந்த ஊர் எண்டு கேட்டவை. நீங்கள் அண்டைக்குச் சொன்ன பேர் எனக்கு வாயிலை வரேல்லை. அந்த இடத்தை வெறுமையா விட்டிருக்கினம், திரும்பக் கேப்பினமாம். ஒருக்காச் சொல்லுங்கோ அண்ணா, பேனை வாங்கி வைச்சிருக்கிறன்.”

எழுத்தெழுத்தாகச் சொன்னேன். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிச் சொல்லி எழுதினாள். கடைசியில் முழுப்பெயரையும் ஒருமுறை வாசித்துக் காட்டினாள். சரியாக இருந்தது.